சாக்குக்கு இரண்டு கிலோ

பெப்ரவரி. அப்புத்தளைப் பக்கம்
மழை விட்டு இருபது நாள்.
நடுக்கணக்குக் கொழுந்து மடுவத்துக்கு
மத்தியான நிறுவைக்குச் சற்று முன்
துரை நான்கு வெள்ளைக்காரரைக் கூட்டி வந்தார்.
நான் தராசடியில் இருந்தேன்,
பென்சிலைக் காதில் சொருகி.

ஆணியில் தொங்கியதைக் காட்டி
நெட்டையான ஒல்லாந்துக்காரர் கேட்டார்,
இதற்கு உங்கள் பாஷையில் என்ன?
சாக்கு, என்றேன்.
சிரித்துவிட்டார்.
ஸக், என்றார், தன் நெஞ்சைத் தொட்டு.
ஜெர்மன்காரியும் அதையேதான் சொன்னாள்,
கொஞ்சம் கடித்து.
இத்தாலிக்காரன் ஓர் ஓகாரம் வைத்து நீட்டினான்: ஸாக்கோ.
கிரேக்கத்துப் பெண்ணின் சொல்லுக்கு
வால் முளைத்திருந்தது: சாக்கோஸ்.
நான்கு ஊர், நான்கு கடவுச்சீட்டு,
ஒரே பை.

பழைய பாஷைகள் படிப்பித்தவராம் ஒல்லாந்துக்காரர்.
என் தோட்டத்து இங்கிலீஷுக்கு எட்டிய மட்டும் கேட்டேன்.
பாலைவனத்தில் ஆட்டு மயிரை முறுக்கி நெய்தவர்களின் சொல்;
தானியம் அளந்த வணிகர்
கப்பலில் ஏற்றிக் கிரேக்கக் கரையில் இறக்கினார்கள்;
அங்கிருந்து ரோமர், பிறகு எல்லாரும்.
ராஜாக்கள் மாறினார்கள், சாமிகள் மாறின,
மூட்டை கட்டாமல் எவனும் புறப்படவில்லை.
சாவு வீட்டில் அந்த முரட்டுத் துணியையே உடுத்தினார்கள் என்றார்.
நான் வெளியே பார்த்தேன்.
இடுப்பில் படங்கு கட்டி வரிசையாய்
இறங்கிக்கொண்டிருந்தார்கள் எங்கள் பெண்கள்.
சாவு ஒன்றும் இல்லை. செவ்வாய்க்கிழமை.

உங்களுக்கு எங்கள் கப்பலில்தான் வந்திருக்கும், என்றார்
ஒரு கடனை ஞாபகப்படுத்துவது போல.
இருக்கும், என்றேன்.
இங்கிலீஷில் ஒருவனுக்குச் சாக்குக் கொடுத்தால்
வேலை போயிற்று என்று பொருளாம்.
துரை அதற்கு மட்டும் சிரித்தார்.

எங்கள் சாக்குக்கு இன்னொரு பொருள் உண்டு.
அதை நான் சொல்லவில்லை.

நிறுவை தொடங்கியது.
தவமலர் தூக்கி வைத்தாள். பத்தொன்பது.
பதினேழு, என்று எழுதினேன்.
பதினெட்டு வந்தால்தான் பேர்.
பதினேழுக்கு அரைப்பேர்.
முழுசாய்ப் பிறந்தவளுக்கு
என் பென்சிலில் பாதிப் பேர்தான் இருந்தது.

ஏன் இரண்டு குறைந்தது? கிரேக்கத்துப் பெண் கேட்டாள்.
சாக்கின் எடை, என்றார் துரை.
ஈரமும், என்றேன் நான்.

தவமலருக்கு இங்கிலீஷ் தெரியாது.
ஆனால் அந்த ஒரு சொல் தெரியும்,
இப்போது எல்லாருக்கும் தெரிந்த சொல்.
கொழுந்தைப் பாயில் கொட்டினாள்.
வெறும் சாக்கை உதறி,
இருபது நாள் வெயில் அதிலிருந்து தூசியாய்ப் பறக்க,
நாலாய் மடித்துத் தட்டில் வைத்தாள்,
குழந்தையைக் கிடத்துவது போல.

அறுநூறு கிராம்.

யாரும் பேசவில்லை.
இத்தாலிக்காரன் படம் எடுத்தான்.
"சாக்கோட வெயிட்டு இதுதான ஐயா," என்றாள் என்னிடம்.
"மிச்சம் நீங்க சொல்ற சாக்கு."

ஒல்லாந்துக்காரர் குனிந்து கேட்டார்,
அவள் அந்தச் சொல்லை இரண்டு தரம் சொன்னாளே,
இரண்டாவது ஏன் வேறு மாதிரி ஒலித்தது?
மொழிபெயர்க்கத்தானே நான் நின்றேன்.
ஒன்றுமில்லை, ஒரே சொல்தான், என்றேன்.
அவர் சின்னப் புத்தகத்தில்
ஒரே சொல் என்று குறித்துக்கொண்டார்.

அவளுக்குப் பதினெட்டு என்று திருத்தினேன்.
அவள் பின்னால் நின்றவளுக்கும்
பத்தொன்பதுதான் வந்தது.
அவளுக்குப் பதினேழு.
அந்தப் பெண் என்னைப் பார்த்தாள்.
நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

மறு வாரம் சாக்கையெல்லாம் வாங்கிக்கொண்டு
நைலான் வலைப்பை கொடுத்தார்கள்.
நீலம். காற்றில் வைத்தால் பறக்கும்.
அந்தச் சொல் எந்தக் கப்பலில் வந்ததென்று கேட்க
இதுவரை ஒருவரும் வரவில்லை.

கழிவு மட்டும்
பழைய இரண்டு கிலோ.